பிணையில் இருந்தவர்கள்: பூனா ஒப்பந்தத்தை மறுபடி வாசித்தல்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று மன்றத் தோழர்கள் கேட்டபோது, எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒரு மாணவர் கேட்ட கேள்விதான். எங்கள் வாசிப்பு வட்டத்தில் பூனா ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். முதலாண்டு படிக்கிற தம்பி ஒருவர் கடைசி வரிசையிலிருந்து எழுந்து கேட்டார்: “தோழர், லண்டன் வரைக்கும் போய்ச் சண்டை போட்டு வாங்கின உரிமையை அண்ணல் ஏன் அஞ்சே நாள்ல விட்டுக்கொடுத்தார்? சாப்பிடலன்னா சாப்பிடாம இருக்கட்டும்னு விட்டிருக்கலாம்ல?” சிலர் சிரித்தார்கள். அந்தக் கேள்வியில் காந்திமீது கோபம் இருந்தது. அண்ணல்மீதே கொஞ்சம் வருத்தமும் இருந்தது. மனிதாபிமானத்தால் விட்டுக்கொடுத்தார் என்று அன்றைக்குப் பதில் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை இன்று சொல்லப் பார்க்கிறேன்.

சினிமாவிலிருந்து தொடங்குகிறேன். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து நாங்கள் பார்த்த படங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் முடியும். கதாநாயகன் அடியாட்களையெல்லாம் அடித்துப் போட்டுவிட்டு வருவான். வில்லன் தனியாக நிற்பான். அப்போது மறைவிலிருந்து அம்மாவையோ தங்கையையோ இழுத்துவந்து கழுத்தில் கத்தியை வைப்பான். துப்பாக்கியைக் கீழே போடு என்பான், போடுவான். இந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்பான்; அதையும் போடுவான். மணலில் உட்கார்ந்திருந்த ஒருவர்கூட ‘என்ன இவன் இப்படிக் கோழையாக இருக்கிறான்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. துப்பாக்கி கையில் இருக்கும்போதும் அவனால் சுட முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது.

அந்தக் காட்சியில் கத்தி ஒருவர் கழுத்தில் இருக்கிறது, கட்டளை இன்னொருவருக்குப் போகிறது. கத்தி யார் கழுத்தில் இருக்கிறதோ அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மிரட்டப்படுகிறவனுக்கு அந்த உயிர்மேல் பொறுப்பு இருக்கிறது; மிரட்டுகிறவனுக்கு இல்லை. பொறுப்பு உள்ளவன்தான் இறங்கிவர வேண்டியிருக்கிறது. பிணை பிடிப்பதன் சூட்சுமம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். யாருக்காகவும் கவலைப்படாத ஒருவனிடம் எந்தப் பிணையும் பலிக்காது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். காந்தியை வில்லன் என்று திட்டுவதற்காக இந்த உவமையை எடுக்கவில்லை. அப்படித் திட்டினால் கைதட்டல் கிடைக்கும், புரிதல் கிடைக்காது. வில்லன், நாயகன் என்பவை சினிமாவின் சொற்கள். தீண்டாமை ஒழிய வேண்டும் என்று காந்தி உண்மையாகவே நினைத்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். நல்லெண்ணத்தோடு இருக்கும் ஒருவரும் பிணை வைத்துப் பேரம் பேச முடியும். அது நடக்கும்போது அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

முதலில் பறிபோனது என்ன என்று பார்ப்போம். இங்கே தமிழில் ஒரு குழப்பம் இருக்கிறது. இன்று நாம் ‘தனித்தொகுதி’ என்று சொல்வது வேறு, 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு அறிவித்தது வேறு. இன்றைய தனித்தொகுதியில் வேட்பாளர் மட்டும்தான் பட்டியல் சாதியினர்; ஓட்டுப் போடுவது எல்லோரும். ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் பெரும்பான்மை ஓட்டு மற்றவர்களுடையது. ஆகவே யார் தலித் பிரதிநிதி என்பதைத் தலித் அல்லாதவர்கள் முடிவு செய்ய முடியும். மெக்டொனால்டு அறிவிப்பில் இருந்தது தனி வாக்காளர் தொகுதி. அதில் வேட்பாளரும் ஒடுக்கப்பட்ட வகுப்பார், வாக்காளரும் ஒடுக்கப்பட்ட வகுப்பார். அதோடு பொதுத்தொகுதியிலும் அவர்களுக்கு இரண்டாவது ஓட்டு ஒன்று உண்டு. 20 ஆண்டுகளில் இந்த ஏற்பாடு முடிவுக்கு வரும் என்றும் அந்த அறிவிப்பே சொன்னது.

பலரும் முதல் ஓட்டைப் பற்றியே பேசுகிறோம். அண்ணல் பின்னாளில் அதிகம் வருந்தியது இரண்டாவது ஓட்டு போனதற்கு. அந்த ஓட்டு இருந்திருந்தால் பொதுத்தொகுதியில் நிற்கும் சாதி இந்து வேட்பாளரும் சேரிக்கு வந்து நின்றாக வேண்டும். சேரியின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்டு ஜெயிக்க முடியாது. ஒரு ஓட்டால் நம் ஆளை நாமே அனுப்புவது, இன்னொரு ஓட்டால் அவர்கள் ஆளையும் நமக்குப் பதில் சொல்ல வைப்பது. இதைத்தான் அண்ணலும் நம்முடைய இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசை மாநாடுகளில் போராடிப் பெற்றார்கள்.

இதற்கு எதிராகத் தன் உயிரைக் கொடுத்தாவது நிற்பேன் என்று காந்தி 1931 நவம்பரிலேயே லண்டனில் சொல்லிவிட்டார். 1932 மார்ச்சில் எரவாடா சிறையிலிருந்து இந்தியா மந்திரி சாமுவேல் ஹோருக்கு எழுதிய கடிதத்திலும் சொன்னார். அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 20ஆம் தேதி நண்பகலில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கியது. முசுலிம்களுக்கும் சீக்கியர்களுக்கும் இருந்த தனி வாக்காளர் தொகுதிகளை எதிர்த்து அவர் பட்டினி கிடக்கவில்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தச் சினிமாக் காட்சியை எரவாடாவில் வைத்துப் பாருங்கள். ஒன்று இடிக்கும். கத்தியை வைத்திருப்பவரும் காந்தி, கத்தி இருக்கும் கழுத்தும் காந்தியுடையது. பிணை பிடித்தவரே பிணையாகவும் இருக்கிறார். உலகத்தில் எந்தப் பிணைக் கதையிலும் இல்லாத விசித்திரம் இது. அதனால்தான் அது பிணையாகவே தெரியவில்லை, தியாகமாகத் தெரிந்தது. நாடு முழுவதும் பிரார்த்தனை நடந்தது. கோயில்களைத் திறந்துவிட்டோம், கிணறுகளைத் திறந்துவிட்டோம் என்று தினமும் தந்திகள் வந்தன. ஒரு மனிதரின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, அதைக் காப்பாற்றும் சாவி அம்பேத்கர் சட்டைப்பையில் இருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. காந்தியின் மகன் தேவதாஸ் வந்து மன்றாடினார்.

இந்த இடத்தில்தான் அந்தத் தம்பியின் கேள்வி வருகிறது. ஒரு தலைவர், தன்னுடைய அரசியல் முடிவால், தானே பட்டினி கிடக்கிறார். அதற்கு எதிர்த்தரப்புத் தலைவர் எப்படிப் பொறுப்பாவார்? விட்டிருக்கலாமே?

பதில், உண்ணாவிரதத்துக்கு முதல் நாள், அதாவது செப்டம்பர் 19ஆம் தேதி, அண்ணல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. இந்த அறிக்கையை நம் மாணவர்கள் முழுதாக வாசிக்க வேண்டும். தன் உயிரா, தன் மக்களின் உரிமையா என்று என்னைத் தேர்ந்தெடுக்க வைக்கும் நிலைக்கு மகாத்மா தள்ளமாட்டார் என நம்புகிறேன் என்று அதில் சொல்கிறார். அது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. தெரியாத பகுதி இன்னொன்று. மகாத்மா அறிந்து செய்கிறாரோ அறியாமல் செய்கிறாரோ, அவருடைய இந்தச் செயல் நாடு முழுவதும் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது அவரைப் பின்பற்றுகிறவர்களின் வன்முறையில்தான் போய் முடியும் என்று அதே அறிக்கையில் எச்சரிக்கிறார்.

அங்கேதான் உண்மையான பிணை இருக்கிறது. எரவாடாவில் இரும்புக் கட்டிலில் படுத்திருந்த உடல் கண்ணுக்குத் தெரிந்த பிணை. கண்ணுக்குத் தெரியாமல் பிணையில் இருந்தவை நாட்டின் லட்சக்கணக்கான ஊர்களின் ஓரத்துச் சேரிகள். காந்தி இறந்திருந்தால், ‘யாரால் இறந்தார்’ என்ற கேள்விக்கு ஒவ்வொரு ஊரும் தன் பக்கத்துச் சேரியில் விடை தேடியிருக்கும். அம்பேத்கர் பம்பாயில் பாதுகாப்பாக இருந்திருக்கக்கூடும். ராமநாதபுரத்திலும் கொங்கணத்திலும் வங்காளத்திலும் இருந்தவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இது மிகைக் கற்பனையா? அன்றைய சேரி எப்படி இருந்தது என்பதற்கு நம் மண்ணிலிருந்தே ஒரு சாட்சி தருகிறேன். முதல் வட்டமேசை மாநாடு லண்டனில் நடந்துகொண்டிருந்த அதே 1930 டிசம்பரில், ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலோ முழங்காலுக்குக் கீழோ துணி உடுத்தக்கூடாது. சட்டை கூடாது. கிராப் வெட்டக்கூடாது. மண்பாண்டம்தான் புழங்க வேண்டும். பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, ஆடு மாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாக வளர்ந்தன. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும். சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கே மலிவு விலையில் விற்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. இவை 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையிலேயே பதிவான செய்திகள். சட்டை போட்டதற்கே குடிசை எரிந்தது என்றால், மகாத்மாவின் சாவுக்கு எது எரிந்திருக்கும்?

சேரியின் இந்த நிலையை அண்ணல் கேள்விப்பட்டு அறிந்தவர் அல்லர், விசாரித்து அறிந்தவர். 1928இல் பம்பாய் அரசு அமைத்த ஸ்டார்ட் குழுவில் அவர் உறுப்பினர். அந்தக் குழு 1930இல் கொடுத்த அறிக்கை, வெளிப்படையான வன்முறையைவிடப் பயங்கரமான ஆயுதமாக ஊர்ப் புறக்கணிப்பைச் சொன்னது. தங்கள் உரிமையைப் பயன்படுத்தத் துணிந்த மக்களுக்கு வேலை நிறுத்தப்படும், கடையில் உப்பும் எண்ணெயும் கொடுக்கப்படாது, பாதை மறிக்கப்படும். சேரிக்குச் சொந்த நிலம் இல்லை, சொந்தக் கடை இல்லை, சொந்தப் பாதைகூட இல்லை. ஊரைத் தாண்டாமல் உலகத்துக்குப் போக முடியாது. அதை வைத்துத்தான், 1930 நவம்பரில் வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணலும் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தில், சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். பர்மாவில் 1922இல் வந்த புறக்கணிப்புத் தடுப்புச் சட்டத்தை மாதிரியாகக் காட்டினார்கள். தேர்தல் முறையைப் பற்றிப் பேச வந்தவர்கள் மளிகைக் கடையைப் பற்றி ஏன் பேசினார்கள் என்று லண்டனில் சிலருக்கு வியப்பாக இருந்திருக்கலாம். பிணையை விடுவிக்காமல் கொடுக்கப்படும் எந்த உரிமையும் கையில் நிற்காது என்று அந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

இதே வாதத்தை இன்னொரு பக்கத்திலிருந்தும் சோதித்துப் பார்க்கலாம். அதே 1932 செப்டம்பரில் கேரளத்தில் இன்னொரு உண்ணாவிரதமும் நடந்தது. குருவாயூர் கோயிலை எல்லோருக்கும் திறக்கக் கோரி கேளப்பன் பட்டினி கிடந்தார். அவருடைய உயிரும் உயிர்தான். அவரும் உறுதியாகத்தான் இருந்தார். முன்னறிவிப்பு கொடுக்காமல் தொடங்கியது தவறு என்று காந்தி சொல்ல, அக்டோபர் 2ஆம் தேதி கேளப்பன் நிறுத்தினார். பிறகு பொன்னானி தாலுகாவில் சாதி இந்துக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெரும்பான்மை கோயிலைத் திறக்கலாம் என்றது. சாமூதிரி அசையவில்லை. குருவாயூர் கோயில் திறந்தது 1947இல்.

ஒரே மாதத்தில் இரண்டு உண்ணாவிரதங்கள். தலித் உரிமைக்கு எதிரானது ஐந்து நாளில் ஜெயித்தது. கோயில் அதிகாரத்துக்கு எதிரானது பதினைந்து வருடம் காத்திருந்தது. காந்தி பெரிய தலைவர், கேளப்பன் சிறியவர் என்று சொல்லி இதைத் தாண்டிப் போய்விடலாம். எனக்கு அது போதவில்லை. கேளப்பன் இறந்திருந்தால் சாமூதிரியின் சொந்தக்காரர்கள் வீட்டை யாரும் கொளுத்தியிருக்க மாட்டார்கள். சாமூதிரியிடமிருந்து பிடித்துவைக்கத்தக்க பிணை எதுவும் யார் கையிலும் இல்லை. அம்பேத்கரின் மக்கள் முழுவதும் எதிர்த்தரப்பின் ஊர்களுக்குள் இருந்தார்கள்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். அண்ணல் பணிந்தார் என்று சொல்கிறவர்கள் அந்த ஐந்து நாள் பேரத்தைக் கவனிப்பதில்லை. துப்பாக்கியைக் கீழே போடச் சொன்னார்கள். அவர் ஒவ்வொரு குண்டாக எண்ணிக்கொண்டுதான் போட்டார். மெக்டொனால்டு அறிவிப்பில் மாகாணச் சட்டசபைகளில் கிடைத்தவை 70க்குச் சற்று மேற்பட்ட இடங்கள். அண்ணல் 197 கேட்டார், 148இல் முடிந்தது. சென்னை மாகாணத்துக்கு 30. மத்தியச் சட்டசபையில் பொது இடங்களில் 18 சதவீதம். தனி வாக்காளர் தொகுதிக்குப் பதிலாக இரண்டடுக்குத் தேர்தல்: முதலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அந்த முதலடுக்கும் பத்து வருடம்தான். ஒதுக்கீடு வேண்டுமா என்று எப்போது வாக்கெடுப்பு நடத்துவது என்பதில் பேச்சு முறியும் நிலைக்குப் போனது. அண்ணல் 25 ஆண்டு கேட்டார். காந்தி ஐந்து ஆண்டில் பிடிவாதமாக நின்றார். அதற்கு மேல் என்றால் தன் உயிர் என்றார். கடைசியில் அந்தக் கேள்வியை இருதரப்பு உடன்பாட்டுக்கு விட்டுவிட்டுச் செப்டம்பர் 24ஆம் தேதி கையெழுத்திட்டார்கள். இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டவர்களில் உண்டு. 26ஆம் தேதி மாலை, பிரிட்டிஷ் அரசு ஏற்றுக்கொண்ட செய்தி வந்தபிறகு, காந்தி உண்ணாவிரதத்தை முடித்தார்.

கழுத்தில் கத்தியோடு நடந்த பேரத்தில் இடங்களின் எண்ணிக்கையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியது சாதாரணக் காரியம் அல்ல. ஆனால் எண்ணிக்கை கூடி, சாவி கைமாறியது. நம் ஆளை நாமே அனுப்பும் உரிமையும் அந்த இரண்டாவது ஓட்டும் போய்விட்டன.

1937 தேர்தலில் அதன் கணக்கு தெரிந்தது. சென்னை மாகாணத்தின் 30 தனித்தொகுதிகளில் 26 காங்கிரசுக்குப் போயின. அடுத்த வருடமே எம்.சி. ராஜா கோயில் நுழைவு மசோதா ஒன்றைச் சட்டசபைக்குக் கொண்டுவந்தார். இந்த ராஜா, பூனாவுக்கு முன்பே மூஞ்சேயோடு உடன்பாடு செய்துகொண்டு கூட்டுத் தொகுதியை ஆதரித்தவர். சாதி இந்துக்களின் நல்லெண்ணத்தை நம்பியவர். அன்று மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி மசோதாவைத் திரும்பப் பெறச் சொன்னார். ராஜா மறுத்தார். மசோதா தோற்றது. தனித்தொகுதியில் ஜெயித்த காங்கிரஸ் உறுப்பினர்கள் கட்சிக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தார்கள். ராஜாவை நாம் துரோகி என்று எளிதில் எழுதிவிடுகிறோம். அவர் ஏமாந்தவர் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஏமாந்ததை அவரே உணர்ந்தார் என்பதும் பதிவாக வேண்டும்.

அண்ணல் இந்தக் காயத்தை ஆற விடவில்லை. 1945இல் எழுதிய நூலில், அந்த உண்ணாவிரதத்தில் உன்னதம் எதுவும் இல்லை, தீண்டப்படாதாருக்கு எதிரான கட்டாயப்படுத்தல் அது என்று கடுமையான சொற்களில் எழுதினார். 1946இல் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு ஒப்பந்தம் உருவான அதே பூனா நகரிலேயே சத்தியாகிரகம் நடத்தியது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது வேறொன்று. 1942இல் நாக்பூர் மாநாட்டுத் தீர்மானத்திலும், 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக அவர் தயாரித்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையிலும், தனிக் குடியிருப்புகள் கேட்டார். சாதி இந்து ஊர்களிலிருந்து விலகி, அரசு நிலத்தில், தலித் மக்களுக்கென்று தனி ஊர்கள். இன்றைக்குப் படிக்கிற பலருக்கு இந்தக் கோரிக்கை உறுத்துகிறது. சாதி ஒழிப்பாளர் ஏன் பிரிந்து வாழச் சொல்கிறார் என்று கேட்கிறார்கள். பூனாவுக்குப் பிறகு அதை வாசித்தால் உறுத்தாது. பிணையை முதலில் மீட்டுவிட்டு அப்புறம் பேரத்துக்கு உட்கார வேண்டும் என்று முடிவுசெய்த ஒருவரின் கோரிக்கை அது. அந்த 1947 அறிக்கையிலும் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கும் பிரிவு இருக்கிறது. தனிக் குடியிருப்பு கிடைக்கவில்லை.

கிடைக்காததன் விலையை நம் தலைமுறை கண்ணால் பார்த்தது. 1996இல் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் அந்த நாற்காலியில் யாரும் நிலைத்து உட்கார முடியவில்லை. தேர்தல் அறிவிப்பார்கள், ஒருமுறை வேட்புமனுவே வராது. இன்னொரு முறை ஊர் பார்த்து நிறுத்திய ஒரு தலித் கூலித் தொழிலாளி ஜெயிப்பார். பதவி ஏற்ற கையோடு ராஜினாமா கொடுப்பார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அந்த மனிதர் எங்கே வேலை செய்தார், யார் வீட்டில் கடன் வாங்கியிருந்தார், அவர் வீட்டுப் பெண்கள் எந்த வழியாகத் தண்ணீருக்குப் போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து அவருடையது. 2006இல்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. துப்பாக்கியைக் கீழே போட மறுத்த மேலவளவு முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அது நடந்த பிறகு, பாப்பாபட்டியில் யாரையும் வாய்விட்டு மிரட்ட வேண்டிய தேவைகூட இருந்திருக்காது.

சட்டம் இப்போது இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. சமூகப் புறக்கணிப்பு என்றால் என்ன, பொருளாதாரப் புறக்கணிப்பு என்றால் என்ன என்று அது வரையறுத்துக் குற்றமாக்குகிறது. 15ஏ என்ற பிரிவு பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, தேவைப்பட்டால் வேறிடத்தில் குடியமர்த்துவது வரை சொல்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தப் பிரிவை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை நீதிமன்றத்தில் நாம் எழுப்பாவிட்டால் அது தானாக எழுந்து வராது.

சில வருடங்களுக்கு முன் உண்மை அறியும் குழுவில் ஒருவராக ஒரு ஊருக்குப் போயிருந்தேன். வழக்குப் பதிவானது, குற்றப்பத்திரிகையும் வந்தது. நேரில் பார்த்த முக்கியச் சாட்சி ஒரு கூலித் தொழிலாளி. எங்களிடம் ஒன்றுவிடாமல் சொன்னவர், கூண்டில் ஏறி ‘நான் எதையும் பார்க்கவில்லை’ என்றார். பிறழ் சாட்சி என்று பதிவானது. வெளியே வந்தபோது எங்கள் தோழர்களில் ஒருவர் கோபத்தில் அவரிடம் பேசாமலே போய்விட்டார். எனக்கும் கோபம்தான். ஆனாலும் நீதிமன்றத்துக்கு எதிரில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

யார் மிரட்டினார்கள் என்று கேட்டேன். யாரும் மிரட்டவில்லை என்றார். பணம் கொடுத்தார்களா? இல்லை. கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். போன வாரம் ஊர்ப் பெரியவர் ஒருவர் வழியில் வண்டியை நிறுத்தி, “உன் மக பன்னெண்டாவது நல்லாப் படிக்குதாமே” என்று மட்டும் கேட்டாராம். வேறு ஒரு வார்த்தை இல்லை. “பஸ் ஏறணும்னா அவங்க தெருவைத் தாண்டித்தான் தோழர் போகணும். காலைல ஏழு மணிக்கு. தனியாத்தான் போவா.”

எங்களோடு இருந்த வழக்கறிஞர் 15ஏ பிரிவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்று கேட்டார்: “அவ படிச்சு முடிச்சு வெளியூருக்குக் காலேஜுக்குப் போயிட்டா, அப்ப வந்து உண்மையைச் சொன்னாச் செல்லுமா?”